நாட்டு நடப்பை வைத்து ஆங்கிலச் சொற்கள் படிப்பது பலன் தருமா?

கேள்வி இதுதான்: "உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்பில் வேலை தேடுகிறேன். ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறேன், ஒரு கிழமையில் மறந்துவிடுகிறது. நாட்டுப் பிரச்சினைகளை வைத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அது பலன் தருமா? எங்கே தொடங்குவது?"

பலன் தரும். நான் கொட்டாஞ்சேனையில் பின்னேர வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகள். மற்றவர்கள் உங்களைப் போல உயர்தரம் முடித்துவிட்டு நேர்முகப் பரீட்சைகளுக்கு அலைகிறவர்கள். வகுப்பில் நாங்கள் பெரும்பாலும் செய்வது நீங்கள் கேட்டதைத்தான். ஆனால் "தினமும் இங்கிலிஷ் பேப்பர் வாசி" என்று மட்டும் சொல்லி விட்டால் மூன்றாம் நாளே பேப்பரை மடித்து வைத்துவிடுவீர்கள். அதற்குக் காரணம் உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த சொல்வள ஆய்வாளர் போல் நேஷன் 2006இல் கணக்கிட்டபடி, யாருடைய உதவியும் இல்லாமல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையை வாசிக்க ஏறத்தாழ 8,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கிற மற்ற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கப் போனால் யாருக்கும் சலிப்புத்தான் வரும்.

ஆகவே ஒரு பிரச்சினையை எடுங்கள், ஒரு மாதத்துக்கு அதை விடாதீர்கள். மின்கட்டணம் என்றால் மின்கட்டணம், டெங்கு என்றால் டெங்கு. ஒரே விடயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே சொற்களைத்தான் பாவிக்கிறார்கள். முதல் செய்தியில் அகராதியைப் பத்துத் தடவை புரட்டுகிற பிள்ளை, ஐந்தாவது செய்தியில் இரண்டு தடவைதான் புரட்டுகிறது. மனப்பாடம் செய்யாமலே சொல் மனதில் தங்குவதற்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

எந்தப் பிரச்சினை? உங்களை நேரே தொட்டதை எடுங்கள். பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ நினைத்துப் பாருங்கள். காஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு இரவிரவாகக் காத்திருந்த குடும்பத்துப் பிள்ளைக்கு 'ஷோர்ட்டேஜ்' என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பெற்றோலுக்கு கியூஆர் கோட் காட்டியவருக்கு 'ரேஷனிங்' தெரியும். அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அதற்குப் பிறகு 'டிஃபோல்ட்' (கடனைக் கட்டத் தவறுவது) என்ற சொல் எங்கள் எல்லோருடைய சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது. பொருள் ஏற்கெனவே உங்கள் உடம்பில் இருக்கிறது. கற்க வேண்டியது ஒலி, எழுத்து, அந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பது மட்டுமே. பட்டியல் போட்டுப் படிக்கிறவர் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுமக்கப் பார்க்கிறார், அதனால்தான் நிற்பதில்லை.

அடுத்தது, முதலில் தமிழில் வாசியுங்கள். இதை வெட்கப்பட வேண்டிய விடயமாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது விளங்குவதே இல்லை. வீரகேசரியிலோ தினக்குரலிலோ செய்தியை வாசித்துவிட்டு அதே செய்தியை டெய்லி மிரரில் வாசித்தால், என்ன நடந்தது என்று தேடிக் களைக்க மாட்டீர்கள். எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்க மனம் ஓய்வாக இருக்கும். இலங்கையில் இருக்கிற எங்களுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்றும் இருக்கிறது. அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. அதனால் பாராளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்கள், வரவு செலவுத் திட்ட உரை, மத்திய வங்கியின் ஊடக அறிக்கைகள் எல்லாம் மூன்று மொழிகளிலும் வருகின்றன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பிரிவை மட்டும் வாசித்துப் பாருங்கள். 'ரிக்குவெஸ்ட்', 'ரெஃப்யூஸ்', 'டிஸ்க்ளோஸ்', 'அப்பீல்' என்று அலுவலகத்தில் தினமும் தேவைப்படுகிற சொற்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் தமிழ் பக்கத்திலேயே இருக்கும். சட்டத் தமிழ் கொஞ்சம் கடினம்தான். அதனால்தான் ஒரு பிரிவு போதும் என்கிறேன்.

இனி, நான் அதிகம் நேரம் செலவழிக்கிற இடத்துக்கு வருகிறேன். பெயர்ச்சொற்கள் தாமாக வந்துவிடும், வினைச்சொற்களைத்தான் பிடிக்க வேண்டும். தமிழில் 'விலை ஏறியது' என்பதற்கும் 'விலையை ஏற்றினார்கள்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்வது 'ரைஸ்', 'ரெய்ஸ்' என்ற இரண்டு சொற்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஏறு, ஏற்று என்று ஒரு தடவை காட்டிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. பிறகு செய்தியை எடுத்து, இந்த நிருபர் எதைப் பாவித்திருக்கிறார் என்று பார்க்கச் சொல்வேன். 2024 ஜனவரியில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. 'வரி ஏறியது' என்று எழுதினால் மழை பெய்த மாதிரி அது தானாக நடந்ததாகிவிடும். 'அரசாங்கம் ஏற்றியது' என்று எழுதினால் பொறுப்பாளி யாரென்று தெரியும். வினைச்சொல்லுக்குள் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தேடப் பழகிய பிள்ளைகள் அதற்குப் பிறகு இலக்கணத்தைப் பற்றி என்னிடம் அழுவதில்லை. அவர்களுக்குக் கேட்க வேறு கேள்விகள் வந்துவிடுகின்றன.

பணவீக்கமும் அப்படித்தான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். 2023 செப்டம்பரில் 1.3 வீதம். "சேர், பணவீக்கம் விழுந்துவிட்டது என்று போட்டிருக்கிறது, எங்கள் கடையில் பருப்பு விலை குறையவே இல்லையே, பேப்பர் பொய் சொல்கிறதா?" என்று மெயின் ஸ்ட்ரீட் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிற பிள்ளை கேட்டாள். மிக நல்ல கேள்வி. பேப்பர் பொய் சொல்லவில்லை. 'இன்ஃப்ளேஷன் ஃபெல்' என்றால் விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்று பொருள், ஏறிய விலை ஏறியபடியேதான் நிற்கும். அன்று பலகையில் 'ஃபெல்' (விழுந்தது), 'ஈஸ்ட்' (தணிந்தது), 'ஸ்லோட்' (வேகம் குறைந்தது), 'ட்ரொப்ட்' (இறங்கியது) என்று எழுதி, எது விலைக்கு, எது வேகத்துக்கு என்று பிரித்தோம். ஒரு மணி நேரம் அதிலேயே போய்விட்டது. பருப்பு விலை தெரிந்தவள் கேட்டதால்தான் அந்தப் பாடமே நடந்தது.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது இந்தச் சொற்படிப்பு உயிர் காக்கிற விடயமாகவே மாறியது. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு, கொழும்புப் பக்கம் களனி கங்கை பெருகி வெள்ளம். என் வகுப்புப் பிள்ளைகள் சிலருடைய தாய் தகப்பன் இன்னும் தோட்டத்து லயங்களில்தான் இருக்கிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் மூன்று படிகள் உண்டு. மஞ்சள் என்றால் 'வொட்ச்', அவதானமாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் 'அலர்ட்', கிளம்பத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் 'இவாக்குவேட்', உடனே வெளியேறுங்கள். இந்த மூன்று சொற்களையும் படி வரிசையில் தெரிந்துகொண்டால், எந்த மொழியில் அறிவித்தல் முதலில் கைக்கு வந்தாலும் ஃபோனை எடுத்து வீட்டுக்குச் சொல்ல முடியும். 'டிஸ்ப்ளேஸ்ட்', 'ஸ்ட்ராண்டட்', 'மிஸ்ஸிங்' ஆகிய மூன்றும் இதே வகைதான். வீடு இழந்து வேறிடத்தில் இருப்பவர், வழி அடைபட்டு நடுவில் நிற்பவர், எங்கே என்றே தெரியாதவர். செய்தியில் மூன்றுக்கும் மூன்று எண்ணிக்கை வரும். மாற்றி விளங்கிக்கொண்டால் ஒரு குடும்பம் தேவையில்லாமல் பதறும்.

கொப்பியைப் பற்றிக் கேட்பீர்கள். சொல், பொருள் என்று இரண்டு நிரல் போடாதீர்கள். சொல் வந்த துண்டை அப்படியே எழுதுங்கள். டெங்குவை எடுத்துப் படித்த ஒரு பையனுடைய பக்கம் இப்படி இருந்தது: 'ஸ்டாக்னன்ட் வோட்டர்', கீழே 'தேங்கி நிற்கிற தண்ணீர், எங்கள் மாடியில் பழைய ரயர்'. 'ப்ரீடிங் சைட்', கீழே 'நுளம்பு முட்டையிடுகிற இடம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) டோர்ச் அடித்துப் பார்த்த பூச்சாடித் தட்டு'. 'ஃபைன்', கீழே 'தண்டப்பணம். பக்கத்து வீட்டுக்கு வந்தது'. அகராதியிலிருந்து ஒரு சொல்கூட அவன் எடுத்து எழுதவில்லை, எல்லாம் அவன் தெருவிலிருந்து வந்தவை. அதே மாதிரிச் சோடிகளாகவும் எழுதுங்கள். ஊரடங்கை நாங்கள் போடுவோம், எடுப்போம். ஆங்கிலத்தில் 'இம்போஸ்' பண்ணுவார்கள், 'லிஃப்ட்' பண்ணுவார்கள். முறைப்பாட்டை 'லொட்ஜ்' பண்ணுவார்கள். கோரிக்கையை 'மீட்' பண்ணுவார்கள். நேர்முகப் பரீட்சையில் எதிரில் இருப்பவர் உங்கள் ஆங்கிலத்தை எடை போடுவது இந்தச் சோடிகளை வைத்துத்தான்.

கொஞ்சம் பழகிய பிறகு, ஒரே சம்பவத்தை இரண்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் வாசியுங்கள். 2022 ஜூலை 22ஆம் திகதி விடியமுன் காலிமுகத்திடல் போராட்டக் களத்துக்குள் படையினர் புகுந்தார்கள். அதை ஒருவர் 'ஒபரேஷன்' என்று எழுதலாம், இன்னொருவர் 'ரெய்ட்' என்று எழுதலாம், இன்னொருவர் 'க்ராக்டவுன்' (அடக்குமுறை) என்று எழுதலாம். அகராதியில் தேடினால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். எழுதுகிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதை அந்தச் சொல் காட்டிக்கொடுக்கும். அங்கே கூடாரம் போட்டிருந்த பிள்ளைகளை 'ப்ரொட்டெஸ்டர்ஸ்' (போராட்டக்காரர்) என்பதும் 'மொப்' (கலகக் கும்பல்) என்பதும் ஒன்றல்ல. சமூகப் பிரச்சினையை வைத்துப் படிக்கச் சொல்வதற்கு என்னிடம் இருக்கிற பெரிய காரணம் இது. பழம், மிருகம், நிறம் என்று படித்தால் சொல் கிடைக்கும். உங்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்லால் எழுதுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அதை மறுத்து எழுத வேறு சொல் வேண்டும் என்ற தேவை அதில் வராது. தோட்டத் தொழிலாளர் சம்பளம் பற்றிய செய்திகளை மலையகப் பிள்ளைகள் வாசிக்கும்போது இதைக் கண்ணால் பார்க்கிறேன். தங்கள் தாயைப் பற்றி எழுதியிருப்பதை அவர்கள் மேலோட்டமாக வாசிப்பதில்லை.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். எல்லாப் பிரச்சினையும் பாடப் பொருள் அல்ல. எங்கள் வகுப்பிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று அங்கே நடந்த குண்டுவெடிப்பை நான் சொல் படிக்க எடுப்பதில்லை. யுத்தத்தில் காணாமற்போனவர்களைப் பற்றியும் அப்படித்தான். அந்த வீட்டுப் பிள்ளையே எழுத விரும்பினால் பக்கத்தில் இருந்து உதவுவேன். நீங்கள் நண்பர்களோடு சேர்ந்து படிப்பதானால், யாருக்கு எது வலிக்கும் என்று பார்த்துத் தலைப்பை எடுங்கள்.

வாசித்தால் மட்டும் வாய் திறக்காது. வாசித்த அன்றே அதைப் பற்றி ஃபோனில் ஒரு நிமிடம் கதைத்துப் பதிவு செய்து நண்பருக்கு அனுப்புங்கள், பிழை பார்க்காமல். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, செய்தால் வரும்.

எழுத்தில்தான் சொற்கள் உண்மையாகவே உங்களுடையவை ஆகும். எழுதுவதற்கும் உங்கள் தெருவிலேயே விடயம் இருக்கிறது. எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் ஒழுங்கையில் அடைபட்டுக் கிடந்த வடிகாலைப் பற்றி உரிய அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். முதல் வரைவில் எல்லா இடத்திலும் 'ப்ரொப்ளம்' என்றே இருந்தது. எது அடைத்தது, எங்கே வழிந்தது, யாருக்கு வருத்தம் வந்தது, என்ன செய்யக் கேட்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க 'ப்ளொக்ட்', 'ஓவர்ஃப்ளோ', 'இன்ஃபெக்ஷன்', 'க்ளியர்' என்று சரியான சொற்கள் அந்தந்த இடத்துக்கு வந்தன. கடைசி வரைவில் 'ப்ரொப்ளம்' ஒரு தடவைதான் இருந்தது. அதைக் கையெழுத்துப் போட்டு அனுப்பியும் வைத்தாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் இப்படி எழுதிக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். பதில் வருமோ என்று காத்திருக்கிற கடிதத்தில் இருக்கிற சொல்லை யாரும் மறப்பதில்லை.

தொடங்குவது எங்கே என்று கேட்டீர்கள். வேலை தேடுகிறவர் என்பதால் விலைவாசியையே எடுக்கச் சொல்வேன். அலுவலகங்களில் அந்தச் சொற்கள்தான் அதிகம் புழங்கும். மத்திய வங்கியின் தளத்தில் கடந்த மாதப் பணவீக்க அறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள், பெரிதாக நீளமில்லை. வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். பிறகு உங்கள் வீட்டுச் சந்தைச் செலவைப் பற்றி அதே வினைச்சொற்களைப் பாவித்து ஐந்து வரி எழுதி இங்கேயே இடுங்கள். திருத்தித் தருகிறேன்.