ஒன்பது வயதில் துப்பாக்கிப் பயிற்சியா?

அன்புள்ள மேடம்,

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு புறநகரில் இருக்கிறோம். சொந்த ஊர் மதுரை. மகனுக்கு 9 வயது. ஊரில் நான் துப்பாக்கியைப் பார்த்ததெல்லாம் பேங்க் வாசலில் நிற்கும் காவலாளி தோளில்தான். அதுவும் சுடுமா என்று சந்தேகமாகத்தான் இருக்கும்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். கொஞ்ச நாளில் என் கணவர் ஒரு பிஸ்டல் வாங்கி வந்துவிட்டார். கட்டில் பக்கத்து டிராயரில், மடித்த துண்டுக்கு அடியில் கிடக்கிறது. தோட்டா போட்டே வைத்திருக்கிறார். "திருடன் வரும்போது சாவி தேடிக்கொண்டிருக்க முடியுமா?" என்கிறார். பையனுக்குத் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறந்தநாளுக்கென்று அலமாரி மேல்தட்டில், போர்வைக்குப் பின்னால் ஒளித்து வைத்த லெகோ பெட்டியை முன்கூட்டியே பிரித்துப் பார்த்துவிட்டு, செலோடேப்பை அதே இடத்தில் ஒட்டி வைத்த பிள்ளை அவன்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஓர் அமெரிக்கப் பெரியவர் இருக்கிறார். தங்கமான மனிதர். அவருடைய பேரனும் என் மகனும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி, எந்நேரமும் அங்கேதான் விளையாட்டு. பேரனைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப் போகிறாராம். "உங்கள் பையனையும் அனுப்புங்கள், நான் ஆறு வயதிலேயே கற்றுக்கொண்டேன்" என்றார். என் கணவர் உடனே தலையாட்டிவிட்டார். "தெரியாத பொருள்தான் ஆபத்து. ஒரு தடவை சுட்டுப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும். நீச்சல் கற்றுக்கொடுப்பது போலத்தான் இதுவும்" என்பது அவர் வாதம். இதை வைத்து வீட்டில் தினமும் சண்டை. எந்த வயதில் கற்றுக்கொடுக்கலாம்? நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?

— பெயர் வேண்டாம், டெக்சாஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வயதைக் கேட்கிறீர்கள். எனக்கோ அந்த டிராயரைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகவே மனம் வரவில்லை. பயிற்சிக்கு அனுப்பலாமா என்பதை ஆறு மாதம் பேசி முடிவு செய்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பிஸ்டல் மட்டும் இன்று ராத்திரியே பூட்டுக்குள் போக வேண்டும். செலோடேப்பை அவ்வளவு சுத்தமாக ஒட்டத் தெரிந்த பிள்ளைக்குத் துண்டை அதே மடிப்பில் திரும்ப வைக்கத் தெரியாதா?

உங்கள் கணவர் சொல்வது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அட்லாண்டாவில் நடந்த ஓர் ஆய்வு, 2001இல் வெளியானது. 8 முதல் 12 வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் 15 நிமிடம் விட்டுவிட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். அங்கே டிராயர்களில் தண்ணீர்த் துப்பாக்கிகளும், சுட முடியாதபடி செய்யப்பட்ட ஒரு நிஜக் கைத்துப்பாக்கியும் இருந்தன. 29 குழுக்களில் 21 குழுக்கள் நிஜத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் அதைக் கையில் எடுத்தார்கள். 10 குழுக்களில் யாரோ ஒருவன் ட்ரிகரையே அழுத்திவிட்டான். இப்படித் தொட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே ஏதோ ஒரு விதத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள்.

கேட்டால் ஒப்பிப்பார்கள். "தொடாதே, அங்கிருந்து போய்விடு, பெரியவர்களிடம் சொல்" என்று அங்கே பிள்ளைகளுக்கு 1988 முதலே பாடம் நடக்கிறது. சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான், நீங்களும் சொல்லிக்கொடுங்கள். ஆனால் கூட ஒரு சிநேகிதன் நின்று "எடுடா பார்ப்போம்" என்னும்போது ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கை முந்திக்கொள்ளும், பாடம் அப்புறம்தான் ஞாபகம் வரும். இதில் வளர்ப்புக் குறை எதுவும் இல்லை, வயது அப்படி. நீச்சல் என்றார் உங்கள் கணவர். பிள்ளை நீந்தக் கற்றுக்கொண்டான் என்பதற்காக நீச்சல்குளத்து வேலியை யாராவது பிரித்துப் போடுகிறார்களா?

திருடன் கவலைக்கும் வழி இருக்கிறது. எண்ணை அழுத்தினால் சில நொடியில் திறக்கும் சிறு பெட்டகங்கள் அங்கே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அந்த எண் பையனின் பிறந்தநாளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதைவிடக் கண்டிப்பு. வீட்டில் துப்பாக்கியே இல்லாமல் இருப்பதுதான் பத்திரம், இருந்தால் தோட்டாவைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைப் பூட்ட வேண்டும், தோட்டாவைத் தனியாகப் பூட்ட வேண்டும் என்கிறது. என் மனதுக்கும் அதுதான் சரி. டெக்சாஸ் சட்டத்தையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டுவைத்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால் பெரியவர்மேல் வழக்கு வரும்.

இன்னொன்று. பிள்ளை வளர்ந்துவிட்டான், பொறுப்பு வந்துவிட்டது என்று பதினைந்து வயதில் பூட்டைத் தளர்த்திவிடாதீர்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரிழக்கும் பதின்வயதுப் பிள்ளைகளில் கணிசமானோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பரீட்சை, காதல், அவமானம் என்று ஏதோ ஒன்றில் ஒரு மணி நேரம் உலகமே இருண்டுபோகிற வயது அது. அந்த ஒரு மணி நேரம் துப்பாக்கி கைக்கு எட்டக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. சங்கடப்படாதீர்கள். "பிள்ளைகள் இங்கே விளையாடுகிறார்கள், உங்கள் துப்பாக்கிகளையெல்லாம் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம். நாய் கடிக்குமா, குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பதோடு சேர்த்து இதையும் கேளுங்கள் என்று அங்கே மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்கிறார்கள். பொறுப்பான மனிதர் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார், பெட்டகத்தையே காட்டுவார். மழுப்பினால், விளையாட்டு உங்கள் வீட்டுக்கு மாறட்டும்.

சரி, வயது. டெக்சாஸில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் 9 வயதிலிருந்தே தருகிறார்கள். சாரணர் முகாம்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் காற்றழுத்தத்தில் சுடும் பி.பி. துப்பாக்கியோடு சரி. நிஜத் தோட்டா போடும் ரைஃபிள் பெரிய பிள்ளைகளுக்குத்தான். ஆக, ஊர் வழக்கப்படி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதிசயமாக எதுவும் சொல்லிவிடவில்லை. ஆனால் நான் பிறந்த தேதியைப் பார்க்க மாட்டேன். வீடியோ கேமில் ஜெயிக்கப் போகிற நேரத்தில் "நிறுத்து" என்றால் நிறுத்துகிறானா? எதையாவது உடைத்தால் தானே வந்து சொல்கிறானா? கூட்டாளிகள் உசுப்பினால் என்ன செய்கிறான்? இதில் முதல் கேள்விக்கே "இல்லை" என்றால் இன்னும் ஓரிரு வருடம் போகட்டும்.

பிஸ்டலை இப்போதைக்குக் கையில் கொடுக்கவே கூடாது. குறியில் பட்டவுடன் "அங்கிள், அடிச்சுட்டேன்!" என்று பிள்ளை அப்படியே உடம்போடு திரும்புவான். குட்டைக் குழல் அவனோடு சேர்ந்து திரும்பும், விரல் இன்னும் ட்ரிகரில் இருக்கும். தானியங்கித் துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம். 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் ஒன்பது வயதுச் சிறுமி கையில் ஊஸி துப்பாக்கியைக் கொடுத்துச் சுட வைத்தார்கள். அது உதைத்து மேலே எழும்பியதில் பக்கத்தில் நின்ற பயிற்சியாளரே இறந்துபோனார்.

கற்பதென்றால் பி.பி. துப்பாக்கியில், முறையான பயிற்சியாளரிடம் தொடங்கட்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதில், ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் சிறு ரைஃபிளுக்குப் போகலாம். ரேஞ்சில் காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். அங்கே எதுவும் சாப்பிடக் கூடாது, திரும்பியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தோட்டாவிலிருந்து வரும் ஈயத்தூள் பிள்ளைகளுக்கு ஆகாது. முதல் தடவை உங்கள் கணவரும் கூடப் போய் நிற்கட்டும். நீங்களும் போனால் நல்லது, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தபிறகு சண்டை போடவாவது விஷயம் இருக்கும்.

அப்புறம், கடிதத்தில் எல்லோர் அபிப்பிராயமும் இருக்கிறது, உங்கள் மகனுடையது இல்லை. போக ஆசையா என்று அவனிடம் யாராவது கேட்டீர்களா? அப்பா முகத்துக்காகவும் சிநேகிதனுக்காகவும் தலையாட்டுகிற பிள்ளைகள் உண்டு. தனியாக இருக்கும்போது கேளுங்கள். வேண்டாம் என்றால், பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் அதைச் சொல்லிவிட்டு வருவது உங்கள் கணவர் வேலை.