ரேஸ் கேட்டமரான்: ஏன் பல்டியடிக்கிறது?

கேள்வி: கிருஷ்ணகிரி ஏரியில் ஓட்ட 70 செ.மீ. ரேடியோ கன்ட்ரோல் கேட்டமரான் செய்ய வேண்டும். எதில் கவனம் தேவை?

கேட்டமரான் என்றால் இரண்டு உடல்கள் இணைந்த படகு. பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். இரட்டை உடல் மட்டும் அதில் கிடையாது. உடலுக்கு 3 மி.மீ. மரைன் பிளைவுட், மேலே கண்ணாடியிழைத் துணி, எபாக்சி. மிதவைக்கு உள்ளே தெர்மாகோல் வைப்பீர்கள். பாலியஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்துவிடும், எபாக்சியில் கரையாது.

2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 4 செல் லிப்போ பேட்டரி, தண்ணீரில் குளிரும் 120 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 40 மி.மீ. புரொப்பெல்லர் போதும். சுமையில்லாமல் 14.8 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 29,600 சுற்று வரும்.

பெரும்பாலும் சொதப்புவது எடைமையம். படகின் பின்முனைப் பலகையிலிருந்து 20–22 செ.மீ. முன்னே இருக்கட்டும். இன்னும் பின்னே போனால் இரண்டு உடல்களுக்கும் நடுவேயுள்ள சுரங்கத்துக்குள் புகும் காற்று மூக்கைத் தூக்கிப் பல்டியடிக்க வைக்கும். பேட்டரியை வெல்குரோவில் ஒட்டினால் நகர்த்திப் பார்க்கலாம். திருப்பத்தில் வழுக்கினால், வலப்பக்கம் திரும்பும் படகுக்கு வலது உடலில் திருப்பத் துடுப்பு (பக்கவாட்டில் வழுக்காமல் நீரைப் பிடிக்கும் தகடு) வையுங்கள்.

புரொப்பெல்லர் அச்சு உடல்களின் அடிமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும்; ஓடும்போது புரொப்பெல்லர் பாதி நீரில், பாதி காற்றில். வளையும் ஷாஃப்ட் முறுக்கில் சுருங்கும், ஆகவே ஸ்ட்ரட்டுக்கும் (ஷாஃப்ட்டைத் தாங்கும் பின்பகுதித் தாங்கி) டிரைவ் டாகுக்கும் (புரொப்பெல்லரைச் சுழற்றும் பிடிப்பு) இடையே 3–4 மி.மீ. விடுங்கள். விடாவிட்டால் உரசித் தேய்ந்து, மோட்டார் சூடேறும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஷாஃப்ட்டுக்குக் கிரீஸ்.

ஆகாயத்தாமரை மண்டிய ஏரி வேண்டாம். புரொப்பெல்லரில் வேர் ஒன்று சிக்கினாலே இஎஸ்சி கருகலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் முதல் ஓட்டம் 2 நிமிடம்தான்; கரைக்குக் கொண்டுவந்து மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியவில்லையென்றால் சிறிய புரொப்பெல்லருக்கு மாறுங்கள்.