குறட்டை நடுவில் நின்றால் கவனியுங்கள்: காது மூக்கு தொண்டை மருத்துவரின் பதில்கள்

கேள்வி (கடலூர் முதுநகர் வாசகி): என் கணவருக்கு வயது 48, வெளியூர் லாரி ஓட்டுகிறார். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறார். நடுவில் சத்தம் அடியோடு நின்று, பிறகு திடுக்கென்று மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறது. அசதியில் வரும் நல்ல தூக்கம் என்கிறார் என் மாமியார். அப்படித்தானா?

பதில்: அசதியாலும் குறட்டை வரும், ஆனால் நீங்கள் சொல்லும் அந்த இடைநிறுத்தம் அசதியால் வருவதன்று. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி குறுகுகிறது. அந்தக் குறுகிய வழியில் காற்று போகையில் மேல் அண்ணத்தின் பின்பகுதியும் உள்நாக்கும் அதிர்வதே குறட்டை. வழி முழுவதும் அடைபட்டுவிட்டால் சத்தம் இருக்காது. மார்பும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்கிப் போராடும், காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை ஒரு கணம் விழித்து, தசைகளை இறுக்கி, வழியைத் திறக்கிறது. நீங்கள் கேட்கும் 'திடுக்' அதுதான். இரவில் நூறு முறை இப்படி விழித்தாலும் காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. ஆகவே தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் அப்னியா) என்னும் இந்த நோயில் பக்கத்தில் படுப்பவர் சொல்வதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

குறைந்தது 10 நொடி மூச்சு நிற்பதையோ வெகுவாகக் குறைவதையோ ஒரு தடையாகக் கணக்கிடுகிறோம். பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடைக்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம் மாத்திரைக்கும் அடங்காமல் போகலாம். இதயத் துடிப்புக் கோளாறும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் வீட்டில் அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. பகலில் சிக்னலில் நிற்கும்போதோ சாப்பிட்டு உட்கார்ந்ததுமோ அவர் கண்ணயர்கிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால், சிகிச்சை தொடங்கி, பகல் தூக்கம் தெளியும் வரை அவர் வண்டி ஓட்டவே கூடாது. வருமானம் போகும் என்பது தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். அவர் தூங்கும்போது செல்போனில் சில நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு, ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ நுரையீரல் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஓர் இரவு முழுவதும் மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு, மூளை அலை ஆகியவற்றைப் பதிவுசெய்யும் தூக்க ஆய்வில் நோயின் அளவு தெரிந்துவிடும்.

கேள்வி (லாஸ்பேட்டை வாசகர்): எனக்குக் கடுமையான தடை என்று சி-பாப் கருவி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்க ஆக்சிஜன் வைத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: அது ஆக்சிஜன் அன்று, அறையில் உள்ள காற்றையே சற்று அழுத்தத்துடன் மூக்கு வழியாகச் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கும் கருவி. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட இந்த முறைதான் கடுமையான நோய்க்கு இன்றும் முதல் சிகிச்சை. முதல் இரண்டு வாரம் முகமூடி உறுத்தும், மூக்கு உலரும். பலர் அப்போதே எடுத்துப் பரணில் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், முகமூடியின் அளவை மாற்றவும் ஈரப்பதம் சேர்க்கவும் கேளுங்கள். 2011 தானே புயலுக்குப் பிறகு நம் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இன்வெர்ட்டரில் ஓடுமா என்று வாங்கும்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆயுள் முழுக்க வேண்டுமா என்பது பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. உடல் எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு மூச்சுத்தடை ஏறக்குறைய கால் பங்கு குறைந்ததை அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு காட்டியது. எடை நன்றாகக் குறைந்தபின் மறுபடி ஆய்வு செய்து, மருத்துவர் சொன்ன பிறகே கருவியை நிறுத்த வேண்டும்.

கேள்வி (வில்லியனூர் வாசகர்): இரவில் கொஞ்சம் மது அருந்தினால்தான் தூக்கம் வருகிறது. குறட்டைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடியான தொடர்பு உண்டு. மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி, அடைப்பையும் நீட்டிக்கிறது. முன்னிரவில் தூங்கவைத்துவிட்டு, பின்னிரவில் அதுவே எழுப்பியும் விடும். மதுவுக்குப் பதிலாக மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதும் ஆபத்து. தினமும் அருந்துபவராக இருந்தால் மருத்துவர் துணையுடன் நிறுத்துங்கள்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர் வாசகி): ஆறு வயது மகன் வாயைத் திறந்தபடி தூங்குகிறான், குறட்டை விடுகிறான், படுக்கையில் சிறுநீர் போகிறான். வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்கிறார் ஆசிரியை. எல்லாம் சேட்டையா?

பதில்: சேட்டை என்று அவனை அடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. தூக்கம் கெட்ட பெரியவர்கள் சோர்ந்து விழுவார்கள். குழந்தைகள் பெரும்பாலும் பரபரப்பாகிவிடுவார்கள். இந்த வயதில் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் டான்சிலும் பெருத்திருப்பதே முக்கியக் காரணம். நீங்கள் சொன்ன நான்கும் அதனால் வரக்கூடியவை. லேசாக இருந்தால் மூக்கு ஸ்ப்ரே கொடுத்துச் சில மாதம் பார்ப்போம். மூச்சு நிற்பது தெரிந்தால் அறுவைச் சிகிச்சை செய்வதே நல்லது. சதையை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி (பாகூர் வாசகர்): விடியற்காலையில் விழிப்பு வந்தும் கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. அமுக்குவான் பேய் என்கிறார்கள்.

பதில்: கனவுத் தூக்கத்தில் உடல் அசையாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது, அந்நிலை விலகுமுன் விழிப்பு வந்துவிட்டால் இப்படி நேரும். சில நிமிடங்களில் தானே விலகும், உயிருக்கு ஆபத்தில்லை. தூக்கம் குறைந்த நாள்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் கூடுதலாக வரும். ஆனால் பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் தொய்வதும் சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (பண்ருட்டி வாசகி): படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருந்து, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது.

பதில்: அமைதியற்ற கால் என்னும் கோளாறாக இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவு அதற்குப் பொதுவான காரணம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பாருங்கள். அது 75க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். இரவில் காபி, டீயை விட்டுவிட்டு, இரத்தப் பரிசோதனை முடிவுடன் மருத்துவரிடம் போங்கள்.