உயிலில் மூன்று பேர், வீட்டில் ஏழு பேர்

கேள்வி: என் மருமகன் அமெரிக்கர். அவருடைய முன்னோர் ஒருவர் வர்ஜீனியா மாநிலத்தின் ஆல்பமார்ல் கவுண்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 1812ல் இறந்திருக்கிறார். உயிலில் இரண்டு மகன், ஒரு மகள் பெயர்தான் இருக்கிறது. 1810 மக்கள்தொகைக் கணக்கிலோ அந்த வீட்டில் 26 வயதுக்கு உட்பட்டவர்கள் ஏழு பேர். வீட்டு நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் குடும்ப பைபிளில் ஐந்து பிறப்புகள். பேரனுக்கு வம்சாவளி எழுதித் தர நினைக்கிறேன். எதை நம்புவது?

பதில்: மூன்றுமே பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதிலாக அவற்றில் எதுவும் எழுதப்படவில்லை.

1790 முதல் 1840 வரை கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் வரும். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரும் 1850ல்தான் ஏறியது. தலைவருக்கு என்ன உறவு என்று எழுதத் தொடங்கியது 1880ல். ஆகவே உங்கள் ஏழு பேரில் அண்ணன் மகனோ, தொழில் பழக வந்த பையனோ, புதிதாய் வந்த மருமகளோ இருக்கலாம். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மூத்த பிள்ளைகள் அந்த ஏழில் சேரவே மாட்டார்கள்.

பைபிளில் முதலில் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். அச்சிட்ட ஆண்டு 1815 என்றிருந்து, முதல் பிறப்பு 1786 என்றால், யாரோ பின்னாளில் ஞாபகத்திலிருந்து எழுதியது அது. ஐந்து பதிவும் ஒரே கை, ஒரே மை என்றாலும் அப்படித்தான். சிறுவயதிலேயே இறந்த குழந்தைகள் விடுபடுவது இங்கேதான்.

உயிலில் பெயர் இல்லையென்றால் பிள்ளையே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அதிகம் பார்த்த தவறு இது. தகப்பன் உயிரோடிருக்கும்போதே மூத்தவனுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்திருப்பார். மகளுக்குக் கல்யாணத்தின்போதே பங்கு போயிருக்கும். சில உயில்களில் ஒரு மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங் வரும். உடனே அப்பா, பிள்ளை சண்டை என்று கதை கட்ட வேண்டாம். 'இவனுக்குச் சேர வேண்டியது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது' என்பதாகவும் இருக்கலாம்.

பிறப்புச் சான்று தேடி அலையாதீர்கள். வர்ஜீனியா அரசு பிறப்பைப் பதியத் தொடங்கியதே 1853ல். நிலத்தின் பின்னால் போங்கள். சொத்து கைமாறும் இடத்தில்தான் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

1782 முதல் நிலவரிப் பட்டியலும் தனிச்சொத்து (நிலம் அல்லாத சொத்து) வரிப் பட்டியலும் ஆண்டுதோறும் உண்டு, 1808 தவிர. வர்ஜீனியாவின் 1790 கணக்கெடுப்பு தொலைந்துபோனது, 1800க்கானது இரண்டு கவுண்ட்டிகளுக்கே மிஞ்சியது. அந்த ஓட்டையை அடைப்பவை இவைதாம். தனிச்சொத்துப் பட்டியலில் தகப்பன் பெயருக்கு நேரே 16 வயது தாண்டிய ஆண்களின் எண்ணிக்கை இருக்கும். ஒன்று இரண்டானால், ஒரு பையனுக்குப் 16 ஆகியிருக்கக்கூடும். ஐந்தாறு ஆண்டு கழித்து எண்ணிக்கை குறைந்து, அதே குடும்பப் பெயரில் புதிதாக ஓர் ஆள் வரி கட்டினால் அவனைக் குறித்து வையுங்கள்.

நிலவரிப் பட்டியலில், இறந்தவரின் நிலம் 'இன்னார் எஸ்டேட்' (இன்னார் விட்டுப்போன சொத்து) என்றே பல வருஷம் ஓடும். காரணம் பெரும்பாலும் விதவைத் தாய்: நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் ஆயுள் வரைக்கும். அவர் இறந்த பிறகு எல்லா வாரிசும் சேர்ந்து பிரிப்பார்கள், அல்லது விற்பார்கள். எஸ்டேட் என்ற சொல் மறையும் ஆண்டில் பத்திரப் புத்தகத்தைத் திறங்கள். மகள்கள் கணவன் பெயரில் ஒளிந்திருப்பார்கள் என்பதால் குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் சிக்காது. ஓடையின் பெயர், பக்கத்து நிலக்காரர் பெயர் இரண்டையும் பிடித்துக்கொண்டு போங்கள். கென்டக்கிக்கோ டென்னசிக்கோ குடியேறிய மகன் அங்கிருந்து பவர் எழுதி அனுப்பியிருப்பான். ஒரே தாளில் அவன் உறவும் புது ஊரும் கிடைத்துவிடும். பாகத்தில் தகராறு வந்திருந்தால் உங்களுக்கு யோகம்: இத்தகைய தகராறுகளை நியாயம் பார்த்துத் தீர்க்கும் சான்சரி நீதிமன்ற வழக்கில் வாரிசுகள் எல்லோரையும் சேர்த்தாக வேண்டும். ரிச்மண்டிலுள்ள வர்ஜீனியா நூலகம் பல கவுண்ட்டிகளின் சான்சரிக் கட்டுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

இதே எஸ்டேட் தாள்களில் அந்தக் குடும்பம் அடிமையாக வைத்திருந்தவர்களின் பெயர்களும் பங்கு பிரித்து எழுதப்பட்டிருக்கும். படிக்கச் சங்கடம்தான். ஆனால் 1870க்கு முன் கணக்கெடுப்பில் பெயரில்லாமல் போன அவர்கள் தாய் யார், பிள்ளை யார் என்பதற்கு வேறு தடயம் இல்லாமலும் போகலாம். தனியாக எழுதி வையுங்கள். அவர்களின் சந்ததியும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அக்காலச் சொற்களிலும் கவனம் வேண்டும். நீதிமன்றத் தாளில் 'ஆர்ஃபன்' என்றால் தகப்பன் இல்லாத மைனர்; தாய் உயிரோடிருக்கலாம். அந்தப் பிள்ளை தானே கார்டியனைத் தேர்ந்தெடுத்தால் வயது 14 முதல் 20க்குள். 'சன் இன் லா' மனைவியின் முந்தைய கணவனுக்குப் பிறந்தவனாகவும் இருக்கலாம். 'ஜூனியர்' என்பவர் அதே ஊரில் அதே பெயருள்ள இளையவர், அவ்வளவுதான். மகனாக இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஓரிருவர் பெயர் கிடைக்காமல் போகலாம். 1810 கணக்கில் 10 முதல் 15 வயதுக் கட்டத்தில் இருக்கும் பையனை, வரைபடத்தில் 'பெயர் தெரியவில்லை, மகனாக இருக்கலாம், பிறப்பு 1794 முதல் 1800க்குள்' என்று புள்ளிக்கோட்டில் போட்டு வையுங்கள். பெயர் பொருந்துகிறதே என்று இணையத்து வம்சாவளியிலிருந்து ஒருவனை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிடாதீர்கள்.