கடல் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பவளங்கள் உள்ள கடல்நீர்த் தொட்டியில் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளிகள் வந்தன. பவளத்தைப் பாதிக்காது என்று விற்கப்பட்ட மருந்தை ஊற்றியதும் 4 நாளில் மறைந்தன. 2 வாரம் கழித்து முன்பைவிட அதிகமாக வந்துவிட்டன, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 4 நாளில் புள்ளிகளைப் போக்கியது மருந்து அல்ல. கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கும். பிறகு தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். உள்ளேயே பிளந்து பெருகி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளியே வரும். புள்ளி மறைந்தது என்று நாம் நிம்மதி அடையும் நாட்களில்தான் அது பெருகிக்கொண்டிருக்கிறது.

இதை நான் ஒரு நீல சர்ஜன் மீனைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். புள்ளிகள் உதிர்ந்ததும் குணமாகிவிட்டது என்று நம்பி, பூண்டு கலந்த தீனி போட்டு 10 நாள் காத்திருந்தேன். இரண்டாம் அலை செவுளில் இறங்கியது. உடம்பில் புள்ளிகள் அதிகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. காலையில் பாறை இடுக்கில் கிடந்தது. பூண்டு தீனி மீனின் பசியைத் தூண்டலாம், ஒட்டுண்ணியைக் கொல்லாது.

மருந்தைப் பற்றி யோசிக்கும் முன், இது உண்மையில் வெள்ளைப்புள்ளி நோய்தானா என்று பாருங்கள். எண்ணிவிடக் கூடிய அளவில் உப்புக்கல் ஒட்டியதுபோல் இருந்தால் அதுதான். மாவு தூவியதுபோல் எண்ண முடியாத நுண்துகள்கள், வேகமான மூச்சு, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குதல், பம்ப் நீரோட்டத்தில் போய் நிற்றல் ஆகியவை தெரிந்தால் வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். அது ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். அப்படியானால் இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இன்றே மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிச் செம்பு மருந்தைத் தொடங்குங்கள்.

நோய் எதுவானாலும் சிகிச்சை மீனுக்குத்தான், காட்சித் தொட்டிக்கு அல்ல. செம்பு இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. ஆகவே மணலும் பாறையும் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வையுங்கள். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஹீட்டர், காற்றுக்கல், ஒரு வடிகட்டி போதும். கொடுக்கிணைப்புச் செம்பு (chelated, வேறு மூலக்கூறோடு பிணைத்த செம்பு) என்றால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில், அயனிச் செம்பு (ionic, பிணைக்கப்படாத செம்பு) என்றால் 0.15 முதல் 0.20 மில்லிகிராமில், குறையாமல் 30 நாள் நிறுத்த வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மீன் சாகும். எனவே உங்கள் மருந்து எந்த வகை என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் சோதனைக் கருவியால் நாள்தோறும் அளந்து பாருங்கள். செம்பு கொல்வது தண்ணீரில் நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. இடையில் ஒரு நாள் அளவு இறங்கினாலும், அன்று கூட்டிலிருந்து வருபவை தப்பி மீனில் ஏறிவிடும்.

சிகிச்சைத் தொட்டியில் இன்னொரு ஆபத்து உண்டு, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. புதிய வடிகட்டியில் அதைப் போக்கும் நல்ல பாக்டீரியா இருக்காது. தண்ணீர் மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். மாற்றும் நீரிலும் அதே அளவு செம்பு கலந்திருக்க வேண்டும். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களைச் செம்போடு சேர்க்காதீர்கள். அவற்றில் பல செம்பின் நச்சுத்தன்மையைக் கூட்டிவிடும்.

செம்பு வேண்டாம் என்றால், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான புதுத் தொட்டிக்கு மாற்றி, இப்படி 4 முறை செய்யலாம். கூட்டிலிருந்து குஞ்சு வெளிவருவதற்குள் மீன் அங்கிருந்து போய்விடும். உழைப்பு அதிகம், ஆனால் மீனுக்கு நஞ்சில்லாத வழி என்பதால் எனக்கு இதுவே பிடிக்கும். வெல்வெட்டுக்கு மட்டும் இதை நம்பக் கூடாது.

நன்னீரில் 5 நிமிடம் முக்கியெடுக்கும் யோசனையையும் யாராவது சொல்வார்கள். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருப்பதால் அதை நன்னீர் தொடாது. தட்டைப்புழுக்களுக்கு அது உதவும்: கண் மங்கி, மீன் பாறையில் உரசிக்கொண்டிருந்தால் முக்கிப் பாருங்கள், புழுக்கள் வெளுத்து உதிரும். அவற்றுக்கு உரிய மருந்து பிராசிகுவாண்டல். முட்டைகளை அது கொல்லாது என்பதால், ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறையும் போட வேண்டும்.

இனி உங்கள் பவளத் தொட்டி. மீனே இல்லாமல் அதை 76 நாள் விட்டுவையுங்கள். சில கூடுகளிலிருந்து 72 நாள் கழித்தும் குஞ்சுகள் வந்ததாக ஆய்வுப் பதிவு இருக்கிறது. அதற்கு மேல் சில நாள் சேர்த்த கணக்கு இது. மீன் கிடைக்காத குஞ்சு ஓரிரு நாளில் செத்துவிடும். விளக்கு, நீரோட்டம் எல்லாம் வழக்கம்போல் ஓடட்டும். இறால்களுக்குச் சிறிது தீனி போடுங்கள். வலை, வாளி, ஈரக் கை எதுவும் ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கூடாது. இந்த நாட்களுக்குள் புதிய பவளமோ நத்தையோ வாங்கிச் சேர்க்காதீர்கள். அவற்றின் ஓட்டிலும் அடிப்பாறையிலும் கூடுகள் ஒட்டிக்கொண்டு வரும். வந்தால் 76 நாளையும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.