ரிசீவர் இருக்கும்போது தனி பவர் ஆம்ப்ளிஃபையர் தேவையா?

ஹோம் தியேட்டரின் ஏழு ஸ்பீக்கர்களையும் இயக்கும் ஏழு சேனல் ரிசீவர் இருக்கையில், ஸ்பீக்கர்களுக்குத் திறன் தருவதற்கென்றே உள்ள பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தனியாக வாங்கினால் ஒலி மேம்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரு ஜெயநகர் வீட்டில் நான்கு ஆண்டுகளாக அப்படியொன்றை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சத்தம் கூடும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். திறனை 100 வாட்டிலிருந்து 200 வாட்டாக இரட்டித்தாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். பலன் வேறிடத்தில் இருக்கிறது. ரிசீவரின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு பெரும்பாலும் இரண்டு சேனல்கள் மட்டும் இயங்கும்போது அளந்தது என்பதால், அதிக மின்னோட்டம் இழுக்கும் 4 ஓம் ஸ்பீக்கர்கள் ஏழும் ஒருசேர முழங்கும் சண்டைக் காட்சியில் ரிசீவர் திணறக்கூடும்; நல்ல தனி ஆம்ப்ளிஃபையரின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் அங்கே தளராது.

என் வீட்டில் முதல் நாளே ஸ்பீக்கர்களில் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம். கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் நின்றது. பிளக் வழியாகவும் கேபிள் ஒயர் வழியாகவும் என எர்த் இரண்டு வழியாகச் சுற்றியதே காரணம். இதற்காகச் சிலர் பிளக்கின் எர்த் பின்னையே நீக்கிவிடுகிறார்கள். அது உயிருக்கு ஆபத்து. ஆம்ப்ளிஃபையருக்கென 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றைத் தனி இணைப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஏபி வகை (Class AB என்ற சுற்றமைப்பு கொண்ட) ஆம்ப்ளிஃபையர் சும்மா இருக்கும்போதே சூடாகும் என்பதால் மேலே ஒரு சாண் இடைவெளியும் விடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் ரிசீவரின் பின்புறத்தில் தனி ஆம்ப்ளிஃபையருக்கு ஒலி சிக்னலை அனுப்பும் பிரீ-அவுட் இணைப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்; இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.