முதுமையில் வந்த வலிப்பு: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 72. பக்கவாதம் வந்து தேறிய ஓராண்டுக்குப் பிறகு இரண்டு முறை வலிப்பு வந்தது. லெவெடிராசெட்டம் மாத்திரை தொடங்கிய எட்டு மாதமாக வலிப்பு இல்லை. இந்த நோய் போகப்போக முற்றுமா? மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

பதில்: முற்றும் என்று பயப்படத் தேவையில்லை. முதுமையில் தொடங்கும் வலிப்பு பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்பட்டுவிடும். பலருக்கு ஒரே மருந்து, அதுவும் குறைந்த அளவில் போதும்.

நிறுத்துவது பற்றி அவ்வளவு இனிப்பாகச் சொல்ல முடியாது. பக்கவாதம் மூளையில் ஏற்படுத்திய தழும்பு மறைவதில்லை; வலிப்பு கிளம்புவது அங்கிருந்துதான். பக்கவாதம் வந்த ஏழு நாட்களுக்குள் வரும் வலிப்பு என்றால், மருந்தைச் சில காலத்தில் நிறுத்திவிட வாய்ப்புண்டு. ஓராண்டு கழித்து வந்ததை அந்தக் கணக்கில் சேர்க்க இயலாது. அப்படி ஒரே ஒருமுறை வந்தாலே, அடுத்த 10 ஆண்டுகளில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல். அதனால் 2014-இல் வெளியான சர்வதேச வரையறைப்படி அதுவே கால்-கை வலிப்பு நோய்தான். உங்கள் தந்தைக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. மாத்திரை அநேகமாக வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள். திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வரக்கூடும்; இந்த வயதில் அது உயிருக்கே ஆபத்து.

எட்டு மாதமாக வலிப்பு இல்லை என்கிறீர்களே, அதை ஒருமுறை சரிபாருங்கள். முதியவர்களுக்குக் கைகால் வெட்டாமலேயே வலிப்பு வரும். பேச்சின் நடுவே ஓரிரு நிமிடம் வெறித்துப் பார்ப்பார், கூப்பிட்டால் பதில் இருக்காது, உதட்டைச் சப்புவார், சட்டைப் பொத்தானை நிரடிக்கொண்டிருப்பார். அதன்பின் வரும் குழப்பம் மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில்கூட நீடிக்கும். வீட்டார் இதை வயதான மறதி என்று விட்டுவிடுகிறார்கள். சில சமயம் மருத்துவர்களும்தான். சந்தேகம் வந்தால் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள். ஒருமுறை எடுத்த இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை) இயல்பாக இருந்தது என்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். வலிப்பு உள்ள பலருக்கும் அது இயல்பாகவே வரும்.

லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் சோர்வையும் தரும். தந்தை திடீரெனச் சிடுசிடுப்பாகிவிட்டால் குணம் மாறிவிட்டது என்று நொந்துகொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழி உண்டு. சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்து என்பதால் கிரியாட்டினின் பரிசோதனையை அவ்வப்போது செய்து, தேவைக்கேற்ப அளவைக் குறைக்க வேண்டும். ஃபெனிடோயின், கார்பமாசெபைன் போன்ற பழைய மருந்துகள் எலும்பைத் தேய்க்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றுடன் மோதும். முதியவர்களுக்கு நான் அவற்றை முதலில் எழுதுவதில்லை. வேறு நோய்க்காகப் போகும்போதும் வலிப்பு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வலிநிவாரணியான டிராமடால், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் வலிப்பைத் தூண்டக்கூடும்.

இனி அவர் ஆயுளைத் தீர்மானிப்பதில் வலிப்பைவிட ரத்தக்குழாய்களுக்கே பங்கு அதிகம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதும், பக்கவாதத்துக்கான மாத்திரைகளைத் தவறாமல் தருவதும் வலிப்பு மாத்திரை அளவுக்கே முக்கியம்.

மீண்டும் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது தொடங்கினாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.